கொல்லவும் மனசில்லை, விடவும் வழியில்லை

(மடிப்பாக்கத்தில் குடியிருப்போர் நலச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, ஆயிரம் வேலைக்கு நடுவே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, சுகாதார ஆய்வாளர் அவர்களே, கால்நடை மருத்துவர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, மைக் செட் தம்பி, பஜ்ஜி வாசனைக்காகவே கடைசி வரிசையில் இடம் பிடித்திருக்கும் இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினீர்கள், நன்றி. அரை மூட்டை சிமெண்ட் கொடுத்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். காரணம் போகப் போகத் தெரியும்.

தோட்டத்துக்குள் வரும் விலங்கைக் கொல்லலாமா என்பதுதான் தலைப்பு. பெருச்சாளி, பாம்பு, மரநாய், குரங்கு என்று நான்கையும் பேசுவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். முதலில் பெருச்சாளியிலிருந்தே ஆரம்பிப்போம்.

நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம். இன்றைக்கு இதைப் பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேற்கு மாம்பலத்தில் ஒரு கதை சொல்வார்கள். நடந்ததோ, கட்டி விட்டதோ, எல்லாத் தெருவுக்கும் பொருந்தும். பழைய ஓட்டு வீடு, பின்னால் கிணறு, துவைக்கிற கல், ஒரு முருங்கை. ராத்திரி பதினோரு மணிக்கு, சுட்ட தேங்காய்ச் சில்லுக்கு ஆசைப்பட்டுக் கூண்டில் விழுந்தது பெருச்சாளி. முக்கால் கிலோ தேறும். முடியைச் சிலிர்த்துக்கொண்டு பன்றி மாதிரி உறுமுகிறது. வீட்டுக்காரர் "தொட்டித் தண்ணியில முக்கிடுவோம்" என்றார். பாட்டி "பிள்ளையார் வாகனம்டா, அதுவும் வெள்ளிக்கிழமை!" என்றார். பேரன் அதற்குள் ஒரு பெயர் வைத்துவிட்டான். மருமகள் கம்பி வழியாக பிஸ்கட் நீட்டினாள். கடைசியில் வேறு எங்கேயாவது கொண்டுபோய் விடுவது என்று தீர்ப்பாகி, கூண்டைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு அப்பாவும் மகனும் கிளம்பினார்கள். அசோக் நகரில் வாகனச் சோதனை. "சாக்குல என்ன?" "பெருச்சாளி சார்." காவலர் நம்புவாரா? டார்ச் அடித்துச் சாக்கை விலக்கினார். உள்ளே ஒரு உறுமல். இரண்டடி பின்னால் போனவர், "கிளம்புங்க, கிளம்புங்க. ஆனா இந்தப் பக்கம் விட்டுடாதீங்க, எங்க குவார்ட்டர்ஸ் இருக்கு" என்றாராம். ஒருவழியாகக் காலி மனை ஒன்றைக் கண்டுபிடித்து இறங்கினால், எதிரே இன்னொரு ஸ்கூட்டர். அதிலும் சாக்கு மூட்டை. "நீங்க எந்த ஏரியா?" "மாம்பலம்." "அடடே, நான் அங்கதான் வந்துக்கிட்டு இருந்தேன்!"

சிரித்தீர்கள். ஆனால் காலி மனையில் விட்ட பெருச்சாளியின் கதியை யோசித்தீர்களா? அங்கே ஏற்கெனவே வளை வைத்திருப்பவை அதைக் கடித்துத் துரத்தும். ஒளிய இடம் தெரியாது. விடிந்ததும் காக்கை, நாய். பெரும்பாலும் பிழைக்காது. கொன்ற பாவம் நம் கையில் ஒட்டவில்லை, அவ்வளவுதான். தண்ணீரில் முக்குவதும் கருணை இல்லை. அது நீந்தும், மூச்சடக்கும், நிமிடக்கணக்கில் போராடும்.

கொன்றே தீர வேண்டிய வீடும் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. எலிக்காய்ச்சல் அதன் சிறுநீரில் பரவுகிற நோய். தேங்கின தண்ணீரில் வெறுங்காலோடு நடக்கிற குழந்தைக்கு நாம் பதில் சொல்ல வேண்டும். அப்படியானால் ஸ்பிரிங் பொறி வையுங்கள். பெருச்சாளிக்குப் பெரிய அளவுதான் வேண்டும். சின்னப் பொறி காலை மட்டும் ஒடித்து விடும். இவை மீசையால் சுவரை உரசிக்கொண்டே ஓடுபவை. ஆகவே பொறியைச் சுவருக்குக் குறுக்காக, இரை வைத்த முனை சுவரைத் தொடுமாறு வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் அவற்றுக்குச் சந்தேகம். மூன்று நான்கு ராத்திரி பொறியைப் பூட்டாமல் கருவாட்டுத் துண்டு மட்டும் வையுங்கள், தின்று பழகட்டும். அதன்பிறகு பூட்டுங்கள். முதல் நாளே பூட்டிவிட்டு "மாட்டவே மாட்டேங்குது" என்பவர்கள்தான் அதிகம். செத்ததைக் கையுறையோடு எடுத்து, பிளீச்சிங் தண்ணீர் தெளித்து, இரண்டடி ஆழத்தில் புதையுங்கள்.

இனி, எலியை ஒட்டிப் பிடிக்கிற பசை அட்டை. கடையில் ரேட் பேட் என்று கேட்டால் கொடுப்பார்கள், புத்தகம் மாதிரி விரிகிறது. இதை வாங்காதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். ஒட்டிய எலி ராத்திரி முழுக்கத் தோலைப் பிய்த்துக்கொள்ளும். கொல்லையில் வைத்தால் ஓணான், அணில், மூஞ்சூறு எல்லாம் ஒட்டும். மூஞ்சூறு எலியே இல்லை, உங்கள் வீட்டுக் கரப்பான்பூச்சியைத் தின்கிற ஜீவன். அணில் ஒட்டிவிட்டால் இழுக்காதீர்கள். ஒட்டாத பசையின்மேல் காகிதத்தைப் போட்டு மூடுங்கள். ஒட்டிய இடத்தில் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, விரலால் மெல்ல வழித்தால் பசை இளகும். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதற்காக மாநிலங்களவையில் போராடியவர் ருக்மிணி தேவி அருண்டேல், இதே சென்னையில் கலாக்ஷேத்திராவை நடத்தியவர். அந்த ஊரில் பசை அட்டை விற்கலாமா? உறுப்பினர் அவர்கள் தலையசைக்கிறார், நன்றி.

விஷத்துக்கு வருகிறேன். எலி கேக்கில் இருக்கும் புரோமடையலோன் என்கிற விஷம் 0.005 சதவீதம்தான். தின்ற எலி உடனே சாகாது. நான்கைந்து நாள் உள்ளே ரத்தம் கசிந்து சாகும். தள்ளாடித் திரியும் அந்த எலியைக் கூகையோ கீரியோ பூனையோ பிடித்துத் தின்றால் விஷம் அவற்றுக்கும் போகும். எலியை ஒழிக்கப் போய் எலி தின்னியை ஒழிக்கிறோம். இதற்காவது வைட்டமின் கே1 என்று மாற்று மருந்து உண்டு. மற்ற எலி விஷங்களான துத்தநாக பாஸ்பைடுக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்கும் மாற்று மருந்தே கிடையாது. குன்றத்தூரில் 2024 நவம்பரில் வீட்டுக்குள் வைத்த எலி மருந்தால் இரண்டு குழந்தைகள் போனார்கள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்றால் வேறென்ன?

ஆக, கொல்லலாமா வேண்டாமா என்று தவிக்கிற நிலைமையே வராமல் செய்யலாம். அதற்குத்தான் சிமெண்ட். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடுக்கு போதும், வளர்ந்த எலிக்கு அரை அங்குலம். சாயங்காலம் கொல்லையிலுள்ள எல்லா வளை வாயிலும் செய்தித்தாளைக் கசக்கி லேசாக அடையுங்கள். காலையில் எதில் தாள் வெளியே கிடக்கிறதோ அதுதான் புழக்கத்தில் இருக்கிற வளை. தாள் அசையாதவற்றை முதலில் மூடுங்கள். புழங்கும் வளையை உடனே மூடினால் உள்ளே குட்டி செத்து நாறும், தாய் பக்கத்தில் புது வழி தோண்டும். முதலில் குப்பை டப்பாவுக்கு மூடி போட்டு, நாய்க்கு வைத்த மிச்சச் சோற்றை ராத்திரி எடுத்துவிடுங்கள். தீனி இல்லாவிட்டால் இரண்டொரு வாரத்தில் போக்குவரத்து குறையும். அப்புறம் தாள் இரண்டு நாள் அசையாமல் இருந்தால் மூடலாம்.

ஒரு பங்கு சிமெண்ட், மூன்று பங்கு மணல், கைப்பிடி கைப்பிடியாக உடைந்த பாட்டில் துண்டு. தெர்மாகோல், மரத்துண்டு, ஸ்ப்ரே நுரை எதுவும் நிற்காது, ஒரே ராத்திரியில் கொறித்துவிடும். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் கால் அங்குலக் கண் உள்ள கால்வனைஸ் கம்பி வலையைத் திணித்து, அதன்மேல் பூசுங்கள். வேலியோரம் அதே வலையை ஒன்றரை அடி ஆழம் இறக்கி, அடியில் வெளிப்பக்கமாக மடக்கி விடுங்கள். தோண்டி வருவது அந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும்.

இவ்வளவும் ஒரு வீடு மட்டும் செய்தால்? பெருச்சாளி பக்கத்து வீட்டுக்குப் போகும், சங்கத்தில் சண்டை வரும். தெரு முழுக்க ஒரே ஞாயிற்றுக்கிழமை அடைக்க வேண்டும். அதுவும் செப்டம்பரில். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்தால் வளையில் தண்ணீர் ஏறும், மேடு தேடி அத்தனையும் சமையலறைக்கு வரும், பூசின சிமெண்டும் இறுகுமுன் கரைந்து போகும். கூடவே, மழைநீர் வடிகாலின் திறந்த வாய்களுக்குக் கம்பிச் சட்டம் வேண்டும். வீட்டை எத்தனை அடைத்தாலும் வடிகால் வாய் பிளந்திருந்தால் எலிக்கு ராஜபாட்டைதான். சுகாதார ஆய்வாளர் குறித்துக்கொள்வதைப் பார்க்கிறேன், மகிழ்ச்சி.

செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். பாம்பைப் பற்றி இரண்டே வார்த்தை. பள்ளிக்கரணை சதுப்பு நிலம் பக்கத்திலேயே இருக்கிறது, அது 2022-இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. பாம்பு வரத்தான் செய்யும். நல்ல பாம்பும் சாரையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. அடித்தால் குறைந்தது மூன்றாண்டு சிறை. எட்ட நின்று அது எங்கே போகிறது என்று கண்ணை எடுக்காமல் பாருங்கள், வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்கள். எலி இல்லாத கொல்லையில் சாரைக்கு என்ன வேலை? ஆக அதுவும் சிமெண்டில்தான் வந்து நிற்கிறது. மரநாயையும் குரங்கையும் அடுத்த ஆண்டு கூப்பிட்டால் பேசுகிறேன்.

வாசலில் மேசைமேல் இரண்டு தாள் வைத்திருக்கிறோம். ஒன்று வடிகால் கம்பிச் சட்டத்துக்கான மனு. இன்னொன்றில் உங்கள் வீட்டு எண்ணையும் எத்தனை சட்டி கலவை வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பாட்டில் துண்டுகளைச் சாக்கில் கட்டி, மேலே "கண்ணாடி" என்று எழுதிக் கொண்டுவாருங்கள், தூய்மைப் பணியாளர் கை கிழிந்துவிடக் கூடாது. கையெழுத்துப் போட்டவர்களுக்குத்தான் முதல் ஈடு பஜ்ஜி என்று தலைவர் சொல்லியிருக்கிறார். நன்றி, வணக்கம்.