9 வோல்ட் பேட்டரில 4500 ஆம்பியர்! எந்த சிமுலேட்டர் யாருக்கு?

வணக்கம் மக்களே. போன வீடியோல கிட்டார் ப்ரீஆம்ப் (கிட்டாரோட சின்ன சிக்னல பெருசாக்குற சர்க்யூட்) பண்றேன்னு சொன்னேன்ல, கம்ப்யூட்டர்ல சிமுலேஷன்ல ஓட்டிப் பாக்காம சால்டரிங் அயர்னையே தொட மாட்டேன்னு பெருசா வேற பேசினேன். அந்த சிமுலேஷன்தான் ரெண்டு மணி நேரம் என்னை வச்சு செஞ்சிருச்சு.

சர்க்யூட் ரொம்ப சிம்பிள்ங்க. டிஎல்072 ஆப்-ஆம்ப் (சிக்னல பெருக்குற சிப்), 9 வோல்ட் பேட்டரி, பயாஸுக்கு, அதாவது சிக்னல் ஏறி இறங்க ஒரு நடு வோல்டேஜ் வைக்க, ரெண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர், நடுவுல 4.5 வோல்ட். எல்டிஸ்பைஸ்ங்கற சிமுலேட்டர்ல வரைஞ்சு ரன் குடுத்தா 4.5 கரெக்டா வருது, ஆனா அவுட்புட் செத்த ஈசிஜி மாதிரி நேர்கோடு. டிஎல்072 மாடல வெளில இருந்து இறக்கி சேர்த்ததால அதுதான் சொதப்புதுன்னு தூக்கிட்டு, உள்ளயே இருக்கற யுனிவர்சல் ஆப்-ஆம்ப போட்டேன், அப்பவும் அதே கோடு.

ஆங், சொல்ல மறந்துட்டேன், கிட்டார் சிக்னல் 100 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் வழியா அந்த பயாஸ் பாயிண்ட்லயேதான் வந்து சேருது. இத ஞாபகம் வச்சுக்கோங்க.

கடுப்பாகி பிரவுசர்லயே ஓடுற ஃபால்ஸ்டாட் சிமுலேட்டர தொறந்து அதே சர்க்யூட்ட வரைஞ்சேன். கரண்ட்ட காட்டுற மஞ்சப் புள்ளியெல்லாம் அழகா ஓடுது, 11 மடங்கு கெயின் (சிக்னல் பெருகுறது) அப்படியே வருது! அப்ப அங்க மட்டும் என்னடா பிரச்சனைன்னு எல்டிஸ்பைஸ்ல பேட்டரி மேல கிளிக் பண்ணி கரண்ட்ட பாத்தா... 4500 ஆம்பியர். ஸ்மோக் டிடெக்டர்ல போடுற பேட்டரிங்க அது!

விஷயம் என்னன்னா, ஸ்பைஸுக்கு (எல்டிஸ்பைஸுக்கெல்லாம் மூலமான சிமுலேஷன் புரோகிராம்) பெரிய எம், சின்ன எம் வித்தியாசமே கிடையாது, ரெண்டுமே மில்லிதான். மெகா வேணும்னா 'மெக்'னு மூணு எழுத்தா அடிக்கணும். நான் ஒரு எம் போட்டதுல ரெண்டு ரெசிஸ்டரும் 1 மில்லி ஓம் ஆயிருச்சு. ரெண்டும் சமமா இருக்கறதால நடுவுல 4.5 மட்டும் ஒழுங்கா வந்து என்னை ஏமாத்திருக்கு, அதே இடத்துக்கு வந்த சிக்னல் மொத்தமும் அந்த மில்லி ஓம் வழியா கிரவுண்டுக்குப் போயிருச்சு. இது 1973ல பெர்க்லி யூனிவர்சிட்டில பிறந்த ஸ்பைஸ் காலத்து பழக்கம், அப்பல்லாம் அட்டைல ஓட்டை போட்டு புரோகிராம் குடுக்கற பஞ்ச் கார்டு, எல்லாமே பெரிய எழுத்து. ஃபால்ஸ்டாட்ல பெரிய எம்னா மெகாதான், அதான் அங்க ஓடுச்சு. இதே மாதிரி 1 ஃபாரட்னு நினைச்சு ஒன்னு பக்கத்துல எஃப் போட்டீங்கன்னா ஸ்பைஸ் அத ஃபெம்டோன்னு (மில்லியவிட ரொம்ப ரொம்ப சின்னது) எடுத்துக்கும், சூப்பர் கெப்பாசிட்டர் போடுறவங்க உஷார்.

இவ்ளோ திட்டினாலும் அனலாக்னா என் ஓட்டு எல்டிஸ்பைஸுக்குத்தான். ஒத்தப் பைசா கிடையாது, இத்தனை நோடுதான்னு (வயர் சேர்ற புள்ளி) கட்டுப்பாடும் கிடையாது. பாக்க மட்டும் நம்ம தாத்தா காலத்து விண்டோஸ் மாதிரி இருக்கும், பழகிரும். அத எழுதின மைக் எங்கல்ஹார்ட் 2023ல க்யூஸ்பைஸ்னு புதுசா ஒண்ணு கொண்டு வந்தாரு, அதுவும் ஃப்ரீ, நான் இன்னும் முழுசா உக்காந்து பாக்கல. சர்க்யூட் போர்டு டிசைன் வரைக்கும் போறவங்களுக்கு கைகேட், அதுக்குள்ளயே என்ஜிஸ்பைஸ்ங்கற சிமுலேட்டர் இருக்கு. கைகேடையும் என்ஜிஸ்பைஸையும் சேர்த்து ஐஐடி பாம்பேல ஈசிம்னு ஒண்ணு குடுக்கறாங்க, காலேஜ் பசங்க அத கண்டுக்கறதே இல்ல.

மைக்ரோகன்ட்ரோலர் கோட சர்க்யூட்டோட சேர்த்து ஓட்டணும்னா ப்ரோட்டியஸ் ராஜா, ஆனா காசு. அர்டுயினோல எல்இடி மினுக்கறதுக்கெல்லாம் அது வேணாம், டிங்கர்கேட் போதும், தயவுசெஞ்சு கிராக் வெர்ஷன் லிங்க் கேட்டு கமெண்ட் போடாதீங்க.

ப்ரீஆம்ப் பிரெட்போர்டுல ஏறிருச்சு, சவுண்ட் அடுத்த வீடியோல. அந்த 4500 ஆம்பியர் ஸ்கிரீன்ஷாட்ட கம்யூனிட்டி டேப்ல போட்டிருக்கேன், போய் சிரிச்சுக்கோங்க.