அறுப்பு மாதம்

நேயர்களுக்கு வணக்கம். ஒலிப்பதிவு அறைக்குள் வரும்போதே சொல்லிவிட்டார்கள், தாள்களைப் பின் அடிக்காதீர்கள், படித்த பக்கத்தைப் புரட்டாமல் சத்தமில்லாமல் ஓரமாக நகர்த்துங்கள் என்று. நான் எழுதின தாளை நானே இவ்வளவு பயந்து தொடுவது இன்றைக்குத்தான்.

ஆண்டு முடியப் போகிறது, இந்த வருஷம் உங்களுக்கு எப்படி என்று பேசுங்கள் என்றார்கள். சரி. மூன்றாவது சிறுகதைத் தொகுப்பு வந்தது. ஒரு கதை மலையாளத்துக்குப் போனது. முதல் கதையைத் தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையோடு பத்திரிகைக்கு அனுப்பி, அதே உறையில் அதே கதை திரும்பி வந்த நாளை நினைத்தால் இதெல்லாம் பெரிய விஷயம்தான். புத்தகம் 180 ரூபாய், எனக்குப் பத்து சதவீதம், 140 பிரதி விற்றிருக்கிறது, ஆக 2,520 ரூபாய். இன்னும் வரவில்லை, வரும்.

அதை விடுங்கள். புரட்டாசியில் ஒரு அஞ்சலட்டை வந்தது. ஐம்பது காசு கார்டு இன்னும் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நுணுக்கி எழுதிய, வரிக்கு வரி லேசாக மேலே ஏறுகிற கையெழுத்து: "அய்யா, 47ஆம் பக்கத்தில் ஆவணியில் பிசானம் அறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆவணியில் அறுப்பது கார். பிசானம் அறுக்க மாசி, பங்குனி ஆகும். மற்றபடி கதை பரவாயில்லை. நூலகப் புத்தகம் என்பதால் பென்சிலில் திருத்தியிருக்கிறேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பாளையங்கோட்டைக்காரன், நெல்லையில் பிறந்தும் நெல்லை அரிசியாகத்தான் பார்த்தவன். தாமிரபரணித் தண்ணீரில் கார், பிசானம் என்று இரண்டு போகம் உண்டு என்று தெரியும், எது எப்போது அறுப்பு என்று யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மெய்ப்புப் பார்த்த நண்பர் விட்டுப்போன 'க்'கன்னா 'ச்'சன்னா எல்லாம் சிவப்பு மையில் பிடித்துக் கொடுத்தார், அவருக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன், ஆனால் அறுப்பு மாதம் அவர் வேலை இல்லையே. இதில் வேடிக்கை, அந்தக் கதையில் மண்வாசனை வீசுகிறது என்று ஒரு மதிப்புரைகூட வந்திருந்தது.

நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க அரசு தரும் நூலக ஆணை எப்போது கிடைக்குமோ என்று நானே இரண்டு பிரதிகளைக் கிளை நூலகத்தில் கொடுத்திருந்தேன். போய் எடுத்துப் பார்த்தேன். 'பிசானம்' மேல் மெல்லிசாக ஒரு கோடு, பக்கத்தில் 'கார்'. மற்ற பக்கங்களில் ஒரு கீறல்கூட இல்லை. கதை முழுக்கப் படித்திருக்கிறார் அந்த மனிதர், எனக்காகக் கார்டு வாங்கியிருக்கிறார், தபால் பெட்டி தேடிப் போயிருக்கிறார். இந்த வருஷம் எனக்குக் கிடைத்ததில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் மிச்சமிருந்த 22 பிரதிகளிலும் பேனாவால் திருத்திவிட்டேன், ஒன்றை அவருக்கு அனுப்பியாயிற்று. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறேன். பதிப்பாளர் அரங்கில் எத்தனை பிரதி அடுக்கியிருப்பாரோ, பையில் இரண்டு பேனா எடுத்து வைத்திருக்கிறேன்.