சாண்டிகேட்: சரிவில் கிடக்கும் ஒரு பழைய மைதானம்

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தில் நடக்கிற ஒரு அண்ணன் தம்பி கதையைச் சொல்கிறேன். அண்ணன் பெயர் ஷெஃபீல்டு எஃப்.சி., 1857இல் பிறந்து இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிற, உலகத்திலேயே மூத்த கால்பந்து கிளப். தம்பி ஹாலம் எஃப்.சி., 1860. இதில் வேடிக்கை என்னவென்றால் அண்ணனுக்குச் சொந்த ஊரில் ஆட இடம் கிடையாது, பல மைதானங்களில் அலைந்துவிட்டு இப்போது பக்கத்து மாவட்டத்தில் ட்ரான்ஃபீல்டு என்ற ஊரில் ஆடுகிறார். தம்பியோ பிறந்த இடத்தை விட்டு இன்னும் நகரவில்லை.

அந்த இடம்தான் சாண்டிகேட். நகரத்தின் மேற்கே, மேட்டுப்பாங்கான கிராஸ்பூல் பகுதியில் இருக்கிறது. 1804இல் கிரிக்கெட்டுக்காகத் திறந்தார்கள், கால்பந்து வந்து சேர்ந்தது 1860இல். உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ்காரர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பிரீமியர் லீக் பார்க்க நள்ளிரவு வரை கண்விழிக்கிற நம்ம ஊர் ரசிகர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரிந்திருக்க நியாயமும் இல்லை. இங்கிலாந்தில் மேல் நான்கு டிவிஷன்களில் 92 கிளப்புகள், அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் நான்லீக் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள். ஹாலம் 2022இல் பட்டம் வென்று ஏறியதே ஒன்பதாவது படிக்குத்தான்!

1860 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், இதே சாண்டிகேட்டில் அண்ணனும் தம்பியும் மோதினார்கள். இரண்டு கிளப்புகள் ஒன்றோடொன்று ஆடியதாகப் பதிவில் இருக்கிற முதல் ஆட்டம் அதுதான் என்கிறார்கள். தரையெல்லாம் பனி, ஒரு பக்கம் சிவப்பும் வெள்ளையும், இன்னொரு பக்கம் நீலம். அணிக்குப் பதினொரு பேர் என்ற கணக்கு அப்போது கிடையாது, எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் போய்க் காத்து நிற்பதைத் தடுக்கிற ஆஃப்சைடு விதியும் கிடையாது, இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்கூட அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான் உருவாகப்போகிறது. ஷெஃபீல்டுக்காரர்கள் தாங்களே எழுதிக்கொண்ட விதிகளின்படி ஆடினார்கள். சொந்த மண்ணில் ஹாலம் 2-0 என்று தோற்றது, அது வேறு விஷயம்.

அப்புறம் 1867இல் தாமஸ் யூடன் என்ற நாடகக் கொட்டகை முதலாளி ஒரு கோப்பை கொடுத்தார். அந்தக் கால்பந்துச் சங்கம் நடத்துகிற எஃப்.ஏ. கோப்பைக்கும் நாலு வருடம் முந்தியது இது. ஜெயித்தது ஹாலம். ஜெயித்த கோப்பை பிறகு எங்கேயோ தொலைந்துபோய், பல பத்தாண்டுகள் கழித்து, 1997இல் ஸ்காட்லாந்தில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் இருப்பது தெரியவந்து, கிளப் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது. தன் கோப்பையைத் தானே விலைக்கு வாங்குவது, பாருங்கள். அண்ணன் பக்கம் நிலைமை தலைகீழ், பணத்துக்காக 2011இல் தன் பழைய விதிமுறைக் கையெழுத்துப் பிரதியையே ஏலத்தில் விற்றார்கள். 8 லட்சத்து 81 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போனது.

சரி, மைதானம் எப்படி இருக்கும்? அரண்மனையை எதிர்பார்க்காதீர்கள். ஓரிரு சிறிய கூரைகள், சுற்றிலும் ஒரு கம்பித் தடுப்பு, அவ்வளவுதான். ஆடுகளமே சரிவு. சரிவான களத்தில் ஆட்டமே வேறு மாதிரி. சமதளத்தில் கோட்டுக்குள் நிற்க வேண்டிய பாஸ் இங்கே உருண்டு வெளியே போய்விடும். மேட்டை நோக்கி ஏறுகிற அணிக்கு நுரையீரல் கூடுதலாக ஒன்று வேண்டும். நியாயமாக இருக்கட்டும் என்றுதானோ என்னவோ, பாதி ஆட்டத்தில் பக்கம் மாற்றுகிறார்கள்!

நான்லீக் மைதானத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் கம்பிதான். முழங்கையை அதில் ஊன்றிக்கொண்டு நின்றால் கோல்கீப்பர் தன் பின்வரிசை ஆட்களைத் திட்டுகிற ஒவ்வொரு வார்த்தையும் காதில் விழும், இங்கே சொல்ல முடியாத வார்த்தைகளும்தான். இடைவேளையில் ரசிகர்கள் கும்பலாக நடந்து எதிர்முனை கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்கள், தங்கள் அணி அந்தப் பக்கம்தானே தாக்கப்போகிறது. கையில் பீர் இருக்கும். பெரிய மைதானங்களில் இது முடியாது, 1985இல் வந்த ஒரு சட்டம் மேல் ஐந்து படிகளில் களம் கண்ணில் படுகிற இடத்தில் குடிக்கக்கூடாது என்று தடுக்கிறது. கீழ்ப்படிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

இவ்வளவு காலம் இந்த இடம் எப்படித் தப்பித்தது? அதற்கு அங்கே பெரிய ஆட்டம் எதுவும் வராததுதான் காரணம் என்பது என் எண்ணம். லண்டனில் பழைய வெம்ப்ளி மைதானத்தின் இரட்டைக் கோபுரங்களை 2003இல் இடித்தார்கள். ஆர்சனல் 2006இல் காலி செய்த ஹைபரியில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. மான்செஸ்டர் சிட்டியின் மெய்ன் ரோடும் வீடுகளாகிவிட்டது. கூட்டம் பெருகி, பணம் பெருகி, இடம் போதாமல்தான் அவையெல்லாம் போயின. சாண்டிகேட்டில் ஐம்பதாயிரம் பேர் உட்கார வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, அதனால் இடிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஆனால் சும்மா விட்டாலும் மைதானம் நிற்காது. புல் வெட்ட, கோடு போட, டிக்கெட் கிழிக்க, தேநீர் ஊற்ற என்று இந்தப் படியில் இருக்கிற கிளப்புகளில் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள்தான் ஓடியாடுகிறார்கள்.

யாராவது படிப்புக்கோ வேலைக்கோ அந்தப் பக்கம் போனால், சனிக்கிழமை மதியம் மூன்று மணி ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அதற்கு முன் ஹாலம் அன்று உள்ளூரில் ஆடுகிறதா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், மழைக்கோட்டையும் மறக்க வேண்டாம். வணக்கம்.