உதைக்கும் கைத்துப்பாக்கிக்கு ரெட் டாட்: முதலில் திருகைப் பாருங்கள்

வணக்கம். பேச ஆரம்பிக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். சிலிண்டர் வெளியே இருக்கிறது, ஆறு அறையும் காலி. மேசையில் வைப்பதற்கு முன் இரண்டு முறை பார்த்தேன், இப்போது உங்கள் கண்முன் மூன்றாவது முறை. தோட்டாப் பெட்டி இந்த அறையிலேயே இல்லை. சரி, இனி பேசலாம்.

இது .44 மேக்னம் என்ற பலமான தோட்டாவைச் சுடும் ரிவால்வர். ஏழரை அங்குலக் குழல், எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. இன்று காலை இதில் ஐம்பது தோட்டா சுட்டுவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருக்கிறேன். மேலே இருக்கிற ரெட் டாட்டை, அதாவது கண்ணாடியில் ஒளிப்புள்ளி காட்டும் மின்னணுக் குறியை, இன்னும் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

கைத்துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகிறவர்கள் பலரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "இந்த உதைக்கு எந்த ரெட் டாட் தாங்கும்?" .44 வைத்திருப்பவர் கேட்கிறார், .454 கசூல் வைத்திருப்பவர் கேட்கிறார், .500 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வைத்திருப்பவர் கொஞ்சம் பெருமையோடு கேட்கிறார். கேள்வியில் தப்பில்லை. ஆனால் நான் பார்த்த வரையில் உதையில் செத்துப்போன ரெட் டாட்டுகள் குறைவு. அதைத் துப்பாக்கியோடு பிடித்து வைக்கும் மவுண்டுகள் செத்துப்போனதுதான் ஏராளம். அதனால் இன்றைக்குப் பாதி நேரம் திருகைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம், பயப்படாதீர்கள். எட்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான குழல் உள்ள .500 ரிவால்வர் சுமார் 2 கிலோ. அதில் 350 கிரெயின் குண்டு, அதாவது 23 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வாயுவின் பங்கையும் சேர்த்தால், துப்பாக்கி நம் கையை நோக்கி நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. இப்போது ஒரு சாதாரண 9 மி.மீ. பிஸ்டலை எடுங்கள். அதில் பின்னால் பாய்வது அரைக் கிலோ எடையுள்ள ஸ்லைடு, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பாகம். அதன் வேகம் எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 6 மீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட அதே வேகம்! போதாததற்கு ஸ்லைடு பின்னால் போய் ஒரு முறை மோதுகிறது, திரும்பி வந்து இன்னொரு முறை மோதுகிறது. ரிவால்வரின் உடம்பில் உட்கார்ந்திருக்கும் ரெட் டாட்டுக்கு அந்த மோதல்கள் இல்லை. நம் கைதான் அதற்கு மெத்தை.

ஆக, ஸ்லைடின் மேல் ஆயிரக்கணக்கில் அடி வாங்கிப் பிழைத்திருக்கும் மாடல் என்றால், .500-ன் உதைக்குப் பயந்து அதைத் தள்ளிவைக்க வேண்டியதில்லை. கை வலிப்பது நமக்கு. ரெட் டாட்டுக்கு வலி என்பது முடுக்கம் மட்டுமே.

அந்த முடுக்கம்தான் திருகுக்கு எமன். 7 மீட்டர் வேகத்தை ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் எட்டினால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 900 மடங்கு அளவில் வரும். டிரிஜிகான் ஆர்எம்ஆர் மாதிரி ஒரு குட்டி ரெட் டாட் 34 கிராம். அந்தக் கணத்தில் அது திருகுகளை 30 கிலோ கணக்கில் இழுக்கிறது. ஏம்பாயிண்ட் மைக்ரோ எச்-2 மவுண்ட் இல்லாமல் 94 கிராம். மவுண்டோடு சேர்த்தால் 100 கிலோவைத் தாண்டும். பழைய பாணியில் முந்நூறு கிராம் ஸ்கோப்பை ஏற்றி வைத்திருப்பவர், இரண்டு மூன்று குட்டித் திருகுகளை நம்பிக் கால் டன்னுக்கு மேல் தொங்கவிடுகிறார். ஒவ்வொரு முறை சுடும்போதும்.

அதனால் என் முதல் வடிகட்டி எடை. 60 கிராமுக்குள் இருப்பது நல்லது. மைக்ரோ எச்-2 மோசம் என்று சொல்லவில்லை, அதன் பேட்டரி ஆயுளை நினைத்தால் எனக்கே ஆசைதான். அதை வைக்கிறீர்கள் என்றால் அடித்தளமும் அந்த அளவுக்குப் பலமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டாவது, உதையைத் தாங்குவது யார் என்று பாருங்கள். ரெட் டாட்டின் அடியில் குழி இருக்கும், மவுண்ட் பிளேட்டில் அதற்குப் பொருந்தும் சின்ன முளைகள் இருக்கும். முளை குழியில் இறுக்கமாக உட்கார்ந்தால் உதை முழுவதும் முளைக்குப் போகும், திருகின் வேலை கீழே அழுத்திப் பிடிப்பது மட்டும். முளை ஆடினாலோ, விலை குறைவு என்று முளையே இல்லாத பிளேட்டை வாங்கினாலோ, அந்த உதை முழுவதையும் திருகின் கழுத்து வாங்கும். எத்தனை நாளைக்கு?

பிளேட்டுக்கும் துப்பாக்கிக்கும் இடையில் உள்ள இணைப்புக்கும் இதே நியாயம்தான். ரூகர் சூப்பர் ரெட்ஹாக்கை எனக்குப் பிடிக்கும் ஒரு காரணம், அதன் உடம்பிலேயே ஸ்கோப் வளையத்துக்கான அரைவட்டப் பள்ளங்களை வெட்டியிருக்கிறார்கள். வளையமோ ரெட் டாட் பேஸோ அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தால் முன்னும் பின்னும் நகர வழியில்லை. நான் வைத்திருக்கிற இதில் அப்படி இல்லை. பின்குறியைக் கழற்றினால் அடியில் திருகுத் துளைகள், அவ்வளவுதான். ஆகவே மூன்று திருகும் உராய்வும்தான் என் காவல்.

முதல் வருடம் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். ரெட் டாட்டை மாட்டும் உலோகப் பட்டை, ஒரு மலிவான ரயில் வாங்கினேன். பேர் வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல், கைக்கு வந்த அளவு இறுக்கி, மேலே லாக்டைட்டை, அதாவது திருகு தளராமல் பிடிக்கும் பசையை, ஊற்றிவிட்டேன். முப்பதாவது தோட்டாவில் குண்டு இடப்பக்கம் போக ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன்? டாட்டை வலப்பக்கம் திருப்பினேன்! அடுத்த ஆறு, இன்னும் இடப்பக்கம். மறுபடியும் திருப்பினேன். ஒரு மணி நேரம் இப்படியே போராடினேன். கடைசியில் விரலால் தொட்டுப் பார்த்தால் ரயில் பல்போலக் கடகடவென்று ஆடுகிறது. இரண்டு திருகு தளர்ந்திருந்தன, ஒன்று கழுத்தில் வெட்டுப்பட்டிருந்தது. உடைந்த துண்டைத் துளையிலிருந்து எடுக்கத் துப்பாக்கிப் பட்டறைக்கு அலைந்ததைத் தனி வீடியோவாகவே போடலாம்.

இப்போது செய்வது இது. துளையையும் திருகையும் ஆல்கஹாலில் துடைத்துக் காயவிடுவேன். எண்ணெய் இருந்தால் லாக்டைட் பிடிக்காது. நீல நிறம், ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டியிருக்கும். ரெட் டாட்டுக்குப் பக்கத்தில் சூடு காட்டும் யோசனையே எனக்குப் பிடிக்கவில்லை. இறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குவேன். இந்தச் சின்னத் திருகுகளுக்கு அது 12 முதல் 20 அங்குல பவுண்டு வரையில்தான் வரும், மணிக்கட்டு பலத்தை இங்கே காட்டினால் திருகு முறியும். ஒரு நாள் முழுக்க விட்டுவிடுவேன். அப்புறம் திருகுத் தலையிலிருந்து பிளேட் வரை பெயிண்ட் பேனாவால் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு. திருகு அசைந்தால் கோடு உடையும். நகப்பூச்சும் இதற்குப் போதும்.

சரி, திருகை விடுவோம், கண்ணுக்கு வருவோம்.

ரெட் டாட் எதற்கு? இரும்புக் குறியில் பின்குறி, முன்குறி, விலங்கு என்று மூன்று தூரத்தில் மூன்று பொருள். நாற்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு மூன்றும் ஒன்றாகத் தெளியாது. ரெட் டாட்டில் புள்ளி இலக்கின் மேலேயே மிதக்கிறது, நாம் இலக்கை மட்டும் பார்த்தால் போதும். 1975-ல் ஸ்வீடனில் ஏம்பாயிண்ட் கொண்டுவந்த முதல் மின்னணு ரெட் டாட்டிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். இன்னொரு வசதி, கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைத்தாலும் தெரியும். கை நீட்டிச் சுடுகிறவருக்கு அது பெரிய விஷயம்.

புள்ளியின் அளவு பற்றி நிறையச் சண்டை நடக்கிறது. எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள், ஒரு எம்ஓஏ என்பது 100 மீட்டரில் 2.9 செ.மீ. அப்படியென்றால் 6 எம்ஓஏ புள்ளி 50 மீட்டரில் கிட்டத்தட்ட 9 செ.மீ. இடத்தை மறைக்கும், 100 மீட்டரில் 17 செ.மீ.க்கு மேல். மானின் உயிர்நிலைப் பகுதியே 20 முதல் 25 செ.மீ. அகலம்தான். அதில் முக்கால்வாசியைப் புள்ளி விழுங்கிவிட்டால் எதைக் குறிவைக்கிறீர்கள்? என் ஓட்டு 2 முதல் 3.5 எம்ஓஏ வரை. சின்னப் புள்ளி கண்ணுக்குத் தட்டுப்படாது என்பார்கள். பாய்ந்துவரும் காட்டுப்பன்றியைப் பத்து மீட்டரில் சுட வேண்டியவருக்கு அது நியாயம்தான். மரத்தில் உட்கார்ந்து காத்திருப்பவருக்கு அவசரம் என்ன?

கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) உள்ளவர்களுக்குப் புள்ளி வட்டமாகத் தெரியாது. வால் முளைத்த மாதிரி, நசுங்கிய பூ மாதிரி தெரியும். எனக்கும் அப்படித்தான். சாதனம் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பும் முன், புள்ளியைக் கைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் கோளாறு உங்கள் கண்ணில். வெளிச்சத்தைக் குறைத்தால் வாலும் ஓரளவு சுருங்கும். சிலருக்குப் பச்சைப் புள்ளி தெளிவாக இருக்கிறது. வாங்கும் முன் இரண்டையும் எடுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வெளிச்சம் என்றதும் ஞாபகம் வருகிறது. விலங்கு வருவது விடியலிலும் அந்தியிலும். அதனால் எவ்வளவு பிரகாசம் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு மங்கலாக்க முடியும் என்று பாருங்கள். அந்தி இருட்டில் பிரகாசமான புள்ளி கண்ணை நிறைத்து விலங்கையே மறைத்துவிடும். தானாக வெளிச்சத்தைச் சரிசெய்யும் வகையை நான் நம்புவதில்லை. நான் நிழலில் இருப்பேன், மான் வெயிலில் நிற்கும். சென்சார் என் நிழலை அளந்து புள்ளியை மங்கலாக்கும், வெயிலில் புள்ளி காணாமல் போகும். கையால் மாற்றும் பொத்தான் இருக்க வேண்டும். அசைவு இல்லையென்றால் தூங்கிவிடும் வகையும் இருக்கிறது. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது தூங்கும், எடுத்ததும் விழிக்கும். விழிக்கிறதா என்று வீட்டிலேயே பலமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

திறந்த வகையா, மூடிய வகையா? திறந்ததில் ஒளி உமிழும் விளக்கு வெளியே தெரியும். அதன்மேல் ஒரு மழைத்துளி விழுந்தால் புள்ளி சிதறும் அல்லது மறையும். மழையும் பனியும் உள்ள காட்டுக்குப் போகிறவர் ஏம்பாயிண்ட் ஆக்ரோ மாதிரி மூடியதை எடுக்கலாம், 60 கிராம்தான். பரந்த கண்ணாடி வேண்டும் என்பவருக்கு லியூபோல்ட் டெல்டாபாயிண்ட் ப்ரோ மாதிரி திறந்தது சுகம். பெரிய கண்ணாடி இருந்தால் உதைக்குப் பிறகு புள்ளியைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்பது பாதி உண்மைதான். .44 உதைத்தால் குழல் வானத்தைப் பார்க்கும், எந்தக் கண்ணாடியும் அவ்வளவு பெரிதில்லை. ஒவ்வொரு முறையும் கை ஒரே மாதிரி பிடிப்பதுதான் புள்ளியைத் திரும்பக் கொண்டுவரும்.

பேட்டரி பக்கவாட்டிலோ மேலேயோ மாற்றும்படி இருக்கட்டும். அடியில் இருந்தால் மாற்றக் கழற்ற வேண்டும், கழற்றினால் மறுபடி குறி சரிபார்க்க வேண்டும். சுடும்போது புள்ளி ஒரு கணம் அணைந்து எரிந்தால் பேட்டரி தொடுமுனை துள்ளுகிறது என்று அர்த்தம். அதைக் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

ரிவால்வர்காரர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை உண்டு, புகை. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியிலிருந்து மசி கிளம்பிக் கண்ணாடியின் முன்புறத்தில் படியும். குழல்முனையில் மேல்நோக்கிய துளைகள் வெட்டியிருந்தால் இன்னும் மோசம். பன்னிரண்டு தோட்டாவுக்கு ஒரு முறை மென்மையான துணியால் துடைக்கிறேன். கத்தியால் சுரண்டாதீர்கள், பூச்சு போய்விடும்.

குறி சரிசெய்யும்போது கைத்துப்பாக்கியின் குழலைத் திண்டின் மேல் வைக்காதீர்கள், மணிக்கட்டை மணல்மூட்டையில் வையுங்கள். .44 மேக்னத்தில் .44 ஸ்பெஷல் போட்டுப் பழகலாம், கைக்கு இதம். ஆனால் அதை வைத்துக் குறி சரிசெய்துவிட்டு மேக்னத்தோடு போகாதீர்கள். மெதுவான குண்டு குழலில் அதிக நேரம் இருக்கும், அதற்குள் குழல் எழும்பிவிடும். அதனால் கிட்டத் தூரத்தில் அது மேலே விழும். வேட்டைக்கு எந்தத் தோட்டாவோ அதிலேயே முடியுங்கள். 50 மீட்டரில் சரிசெய்தால் 100 மீட்டரில் 240 கிரெயின் குண்டு ஏறக்குறைய 15 செ.மீ. கீழே போகும். எனக்கு 75 மீட்டருக்கு மேல் சுடும் எண்ணமே இல்லை.

சரி, காலையில் சுட்ட இந்த ஐம்பதுக்கு வருவோம். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவருகிறேன். வெள்ளைக் கோடு தெரிகிறதா? முதல் திருகு, கோடு நேராக இருக்கிறது. இரண்டாவது, அதுவும் நேர். மூன்றாவது… வெளிச்சத்தை இந்தப் பக்கம் திருப்புகிறேன். மயிரிழை விலகியிருக்கிறது. காலையில் கடைசி ஆறும் நன்றாகத்தான் போயின, இலக்குத்தாளை மட்டும் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஆல்கஹாலை எடுத்து வருகிறேன், மூன்றையும் கழற்ற வேண்டியதுதான்.