லிஃப்ட் செய்த ஜீப் செரோக்கியில் ஸ்டீயரிங் ஏன் தொட்டவுடன் திரும்புகிறது?

[காட்சி: நெடுஞ்சாலையில் ஓட்டுநரின் கைகள், ஸ்டீயரிங் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருத்தப்படுகிறது]

வணக்கம். 1984 முதல் 2001 வரை விற்பனையான ஜீப் செரோக்கி எக்ஸ்ஜே வண்டியில், லிஃப்ட் கிட் (வண்டியின் உயரத்தைக் கூட்டும் பாகங்கள்) பொருத்திய பிறகு அடிக்கடி எழும் ஒரு புகாரை இந்தக் காணொளியில் ஆராய்வோம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை அசைத்தாலே வண்டி பாய்கிறது; அதைத் திருத்தினால் மறுபக்கம் பாய்கிறது. பவர் ஸ்டீயரிங் அளவுக்கு மீறி உதவுகிறது என்று முடிவு கட்டி, பலர் முதலில் பம்பை மாற்றுகிறார்கள், பிறகு ஸ்டீயரிங்கின் சுழற்சியைச் சக்கரங்களுக்கு அனுப்பும் ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றுகிறார்கள். உயரம் கூட்டப்பட்ட எக்ஸ்ஜேயில் இவ்விரண்டையும் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

[காட்சி: ஸ்டீயரிங் பாக்ஸின் குறுக்குவெட்டுப் படம்]

காரணம் பாக்ஸின் உள்ளமைப்பில் இருக்கிறது. ஸ்டீயரிங் தண்டையும் உள்ளே இருக்கும் திருகுத் தண்டையும் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இணைக்கிறது. சக்கரங்கள் திரும்ப மறுக்கும்போது அந்தக் கம்பி சற்றே முறுகுகிறது. அந்த முறுக்கத்தின் அளவுக்கு வால்வு திறந்து, பம்பின் எண்ணெய் அழுத்தம் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குப் போகிறது. ஆகவே கையில் நாம் உணரும் கனம், சாலையிலிருந்து சக்கரங்கள் வழியாக வரும் எதிர்ப்பைப் பொறுத்தது. அந்த எதிர்ப்பு குறைந்துவிட்டால், ஹைட்ராலிக் அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே ஸ்டீயரிங் மிக இலேசாகத் தோன்றும்.

எதிர்ப்பைத் தருவது பெரும்பாலும் காஸ்டர் கோணம். மிதிவண்டியின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால்தான் அதன் சக்கரம் தானாக நேராக நிற்க விரும்புகிறது; அதே சாய்வுதான் இங்கும். எக்ஸ்ஜேயின் முன் அச்சில் இது ஏறத்தாழ 7 பாகை இருக்க வேண்டும். லிஃப்ட் செய்யும்போது, உடலிலிருந்து முன்னோக்கி வந்து அச்சைப் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுக் கைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து, அச்சையும் சற்றே உருட்டிவிடுகின்றன, காஸ்டர் குறைகிறது.

[காட்சி: காலியான மைதானம், மெதுவான திருப்பம்]

ஆளும் வண்டியும் இல்லாத மைதானத்தில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அரைச் சுற்றுத் திருப்பி, கைப்பிடியைத் தளர்த்திப் பாருங்கள். ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாமல் போனால், காஸ்டர் குறைந்திருக்கலாம், அல்லது எங்கோ ஏதோ ஒன்று இறுகிப் பிடித்திருக்கலாம்.

இவ்விரண்டையும் பிரித்தறிய, முன் அச்சை ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் உறுதியாக நிறுத்தி, பாக்ஸ் அசைக்கும் கையான பிட்மன் ஆர்மிலிருந்து, அதைச் சக்கரங்களோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கைக் கழற்ற வேண்டும். இந்த ஒரு வேலையால் பாக்ஸும் சக்கரங்களும் தனித்தனியாகிவிடுகின்றன. இப்போது சக்கரத்தைக் கையால் இரு பக்கமும் திருப்புங்கள். ஓர் இடத்தில் கடினமாகவும் அடுத்த இடத்தில் இலேசாகவும் இருந்தால், சக்கரம் திரும்ப உதவும் பந்து மூட்டான பால் ஜாயிண்ட் பழுதாகியிருக்கிறது. பிறகு யாரும் ஸ்டீயரிங்கைத் தொடாமல் எஞ்சினை இயக்குங்கள். ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் நகர்ந்தால், பாக்ஸின் வால்வு சமநிலை இழந்திருக்கிறது. அந்த நிலையில் மட்டுமே பாக்ஸ் குற்றவாளி. அந்நேரம் ஸ்டீயரிங் ஆரங்களுக்குள் கையை விடாதீர்கள். திரும்பப் பூட்டும்போது, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள்.

[காட்சி: பாக்ஸின் மேல்மூடியில் உள்ள சரிசெய்யும் திருகும் லாக் நட்டும்]

இந்தத் திருகைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தளர்ச்சியைப் போக்கலாம் என்று இதை இறுக்குபவர்கள் ஏராளம். பாக்ஸ் நடுநிலையில் சற்று இறுக்கமாகவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மேலும் இறுக்கினால் ஸ்டீயரிங் நடுவுக்குத் திரும்பாது, வண்டி அலையும், பற்களும் தேயும். முன்பு யாரேனும் இதைத் திருகியிருக்கிறார்களா என்று நட்டின் மேலுள்ள ஸ்பானர் தழும்பைப் பார்த்தாலே தெரியும்.

வண்டியைத் தரையில் இறக்கிய பின், உதவியாளர் ஒருவரை எஞ்சின் ஓடும் நிலையில் ஸ்டீயரிங்கைக் கால் சுற்று இடவலமாக ஆட்டச் சொல்லிவிட்டு, அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருக்கும் பான்ஹார்ட் ராடின் இரு முனைகளையும் கவனியுங்கள். எக்ஸ்ஜேயில் அதன் உடல்பக்க முனை பந்து மூட்டு, அச்சுப்பக்க முனை ரப்பர் புஷ். இவற்றில் எதுவும் ஆடக்கூடாது. அப்படியே பாக்ஸ் உடலோடு சேரும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள்: இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் இல்லாததால், பெரிய டயர் போட்டவற்றில் அங்கே தகட்டில் விரிசல் விழுவதும், இடையிலுள்ள அலுமினியத் துண்டு உடைவதும் உண்டு. பாக்ஸ் அசைவதை வெறும் கண்ணாலேயே காணலாம்.

[காட்சி: டயர்களின் முன்பக்க, பின்பக்க இடைவெளியை அளத்தல்]

டோவையும், அதாவது முன் டயர்களின் முன்பக்கம் குறுகியோ விரிந்தோ நிற்கும் அளவையும், மறக்காதீர்கள். இந்த வண்டியில் டை ராட் (மறுபக்கச் சக்கரத்தைத் திருப்பும் தண்டு) டிராக் லிங்க்கோடு இணைந்திருப்பதால், உயரம் மாறினாலே டோ மாறிவிடும். டயர்கள் முன்பக்கம் விரிந்து நின்றால், சாலையின் ஒவ்வொரு சிறு பள்ளமும் வண்டியை இழுக்கும். முன்பக்கம் 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை குறுகியிருக்கும்படி வைப்பது வழக்கம். டயர் காற்றழுத்தத்தைச் சரிபார்த்த பிறகே அளவெடுங்கள்.

காஸ்டர்தான் குறைவு என்று அலைன்மெண்ட் அறிக்கை காட்டினால், கீழ்க் கட்டுப்பாட்டுக் கைகளின் பின்முனையில் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) சேர்த்தோ, நீளம் மாற்றக்கூடிய கைகளைப் பொருத்தியோ கூட்டலாம். ஆனால் காஸ்டர் கூடக்கூட அச்சின் பினியன் முனை, அதாவது புரொப்பெல்லர் தண்டு வந்து சேரும் இடம், கீழிறங்கும். முன் புரொப்பெல்லர் தண்டின் மூட்டுக் கோணம் பெரிதாகும். 7 பாகையை எட்டியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஷிம் போட்டபின் நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வண்டியின் உள்தளத்தில் அதிர்வு எழுந்தால், அது மறையும் வரை ஒரு ஷிம்மாகக் குறைத்து வாருங்கள்.