சர்க்கரை விழுங்கிய காடும் ஒரு கறுப்புப் பறவையும்

நண்பர்களே, வணக்கம்.

இன்றைக்கு நான் பேசப்போகிற பறவை, பிரேசிலின் அலகோவாஸ் குராசோ. அதை நீங்கள் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நானும் படத்தில் பார்த்ததோடு சரி. கூண்டுக்கு வெளியே அதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே சிலர்தான்.

குராசோ என்று ஒரு பறவைக் கூட்டம் இருக்கிறது. மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினாவின் வடக்கு வரை, வெப்பமண்டலக் காடுகளில் வாழ்கிறவை. மயில், காட்டுக்கோழி, வான்கோழி எல்லாம் அடங்கிய கோழி வரிசையில்தான் இவையும் வரும். ஆனால் குடும்பம் வேறு. பகலில் தரையில் நடந்து, மரத்திலிருந்து உதிர்ந்த பழத்தையும் விதையையும் பொறுக்கித் தின்னும். கெட்டியான விதையை அரைக்கச் சிறு கற்களையும் விழுங்கிக்கொள்ளும். மேய்ச்சல்தான் தரையில், கூடும் உறக்கமும் மரத்தில். குஞ்சு பொரித்துச் சில நாளிலேயே கிளைக்குக் கிளை தாவ ஆரம்பித்துவிடும். பெற்றவை அதற்கு அலகோடு அலகு வைத்து இரை கொடுக்கும். நம் வீட்டுக் கோழி குஞ்சுக்கு ஊட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கிளறிக் காட்டுவதோடு சரி. இது ஊட்டும்.

ஊட்டி வளர்க்கிற பறவைக்குப் பிள்ளைகள் அதிகம் இருக்காது. பொதுவாக ஓர் ஈட்டுக்கு இரண்டே முட்டை. குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். உடம்போ பெரிது. நாய் துரத்தினால் பறந்து தொலைவாய்ப் போய்விடாமல், பக்கத்துக் கிளையில் ஏறி நின்று கீழே பார்க்கும். துப்பாக்கி வைத்திருக்கிறவனுக்கு இதைவிடச் சுலபமான வேட்டை கிடைக்குமா? தென் அமெரிக்கக் காடுகளில் வேட்டை நுழைந்தால் முதலில் காணாமல் போகிற பறவைகளில் குராசோவும் ஒன்று. அது காணாமல் போனதை வைத்தே, அந்தக் காட்டில் ஆட்கள் எவ்வளவு தூரம் நுழைந்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம்.

இதில் ஒரே ஒரு வகையைப் பற்றி மட்டும் இன்று சொல்கிறேன். அலகோவாஸ் குராசோ. அலகோவாஸ் என்பது பிரேசிலின் வடகிழக்குக் கடலோரத்தில் இருக்கிற ஒரு சிறிய மாநிலம். பறவை ஏறக்குறைய முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். உடம்பெல்லாம் நீலப் பளபளப்போடு கறுப்பு, வயிற்றின் பின்பகுதி செங்காவி. அலகு அடியில் நல்ல சிவப்பு, நுனியில் வெளுப்பு. காதோரம் மட்டும் இறகில்லாமல், பிறை வடிவில் வெறும் தோல் தெரியும். அந்தத் தோலை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் அதற்கு வேலை இருக்கிறது.

1630-இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி, போர்ச்சுக்கீசியர் வசம் இருந்த பெர்னாம்புகோ பகுதியைப் பிடித்தது. இன்றைய அலகோவாஸ் அப்போது அதற்குள்தான் இருந்தது. எதற்கு? சர்க்கரைக்கு. அன்றைய ஐரோப்பாவின் சர்க்கரையில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போனது. அந்த டச்சு ஆட்சியின் காலத்தில், 1638-இல், கியோர்க் மார்க்கிராஃப் என்ற ஜெர்மானியர் அங்கே போய்ச் சேர்ந்தார். செடி, மீன், பறவை என்று கண்டதையெல்லாம் எழுதி வைத்தார். 1648-இல் அச்சான புத்தகத்தில் நம் பறவையும் இருக்கிறது. 1766-இல் சுவீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் அதற்கு அறிவியல் பெயர் வைத்தது அந்த வருணனையை நம்பித்தான்.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அருங்காட்சியகங்களில் அந்தப் பகுதியிலிருந்து ஒரு பதப்படுத்திய உடல்கூட இல்லை. அமேசான் பக்கம் இதே சாயலில் இன்னொரு குராசோ இருக்கிறது. மார்க்கிராஃப் சொன்னது அதைத்தான் என்று அறிஞர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். 1951-இல் ஒலிவேரியோ பிண்டோ என்ற பிரேசில் பறவையியலாளர், அலகோவாஸில் சாவ் மிகேல் தோஸ் காம்போஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டைப் பறவையைப் பெற்ற பிறகுதான் மூன்று நூற்றாண்டுச் சந்தேகம் அசைந்தது. அப்போதும் சிலர் விடவில்லை, அமேசான் பறவையின் கிளையினம்தான் என்றார்கள். பிற்பாடு உயிருள்ள பறவைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வால் நுனி நிறமும், நான் சொன்ன காதோரத் தோலும் வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்தன. அத்தனை காலமும் படித்தவர்கள் இல்லை என்று சொன்ன பறவையை, உள்ளூர் வேட்டைக்காரர்கள் சுட்டுத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

சரி, காடு என்ன ஆனது? பழைய காலத்தில் கரும்பு பள்ளத்தாக்குகளில்தான் விளைந்தது. மேலே இருந்த சமதள மேட்டு நிலம் சத்தில்லாத மண் என்று காடாகவே விட்டிருந்தார்கள். உரமும் இயந்திரமும் வந்த பிறகு, சமதளம்தான் டிராக்டருக்கு வசதி என்று ஆனது. 1975-இல், பெட்ரோல் விலை ஏறிய நெருக்கடியில், கரும்பிலிருந்து எத்தனால் எடுத்துக் கார் ஓட்டும் திட்டத்தைப் பிரேசில் அரசு தொடங்கியது. மேட்டுக் காடு மளமளவென்று கரும்பானது. நம் பறவை வாழ்ந்ததும் அதே காட்டில்தான். மிச்சமிருந்த துண்டுகளை வேட்டைக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். 1980-களின் கடைசியோடு காட்டில் அதன் கதை முடிந்தது.

ஆனால் அதற்கு முன்பே, 1976-க்கும் 1979-க்கும் இடையில், பெத்ரோ நார்தெல்லி என்ற பறவை வளர்ப்பாளர் அந்தக் காட்டிலிருந்து ஐந்து பறவைகளைப் பிடித்து, ரியோ டி ஜெனிரோ பக்கம் தன் கூண்டுகளுக்குக் கொண்டுபோயிருந்தார். அதில் ஒரு சேவலும் இரண்டு பெட்டைகளும் குஞ்சு பொரித்தன. இன்று உலகத்தில் இருக்கிற அத்தனை அலகோவாஸ் குராசோவும் அந்த மூன்றின் வாரிசுகள்.

அப்புறம் அவர் அமேசான் வகையோடும் இதைச் சேர்த்து வளர்த்தார். கலப்புக் குஞ்சுகள் வந்தன. பின்னால் வந்தவர்கள் மரபணுச் சோதனை செய்து தூயது எது, கலப்பு எது என்று பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. இதற்காக அவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கூண்டு இல்லையென்றால் தூய்மையைப் பற்றிச் சண்டை போடப் பறவையே இருந்திருக்காது. அதே அலகோவாஸில், முரிசி என்ற மலைக்காட்டில் 1979-இல் ஒரு சிறு பழுப்புப் பறவையைக் கண்டுபிடித்தார்கள். அலகோவாஸ் இலைகிளறி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1983-இல் பெயர் வைத்தார்கள். 2011-இல் கடைசியாகப் பார்த்தார்கள். இப்போது அற்றுப்போனவை பட்டியலில் இருக்கிறது. அதை யாரும் கூண்டில் வைத்திருக்கவில்லை.

1999-இல் நார்தெல்லியின் பறவைகள் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் வளர்ப்பு மையங்களுக்குப் போயின. எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 2019-இல் மூன்று ஜோடிகளை அலகோவாஸுக்குக் கொண்டுவந்து, ரியோ லார்கோ என்ற ஊரில் ஒரு காட்டுத் துண்டில் விட்டார்கள். அந்த வட்டாரத்தில் மிச்சமிருக்கும் காடுகள் பலவும் சர்க்கரை ஆலைகளின் நிலத்துக்குள் நிற்பவை, சுற்றிலும் கரும்பு.

கூண்டிலேயே பரம்பரை பரம்பரையாக வளர்ந்ததற்கு எந்த மரத்தில் எப்போது பழம் உதிரும் என்று தெரியாது. மனிதனைக் கண்டால் ஓட வேண்டும் என்றும் தெரியாது. தீனி போட்டவனே மனிதன்தானே! இதன் உறவான செவ்வலகுக் குராசோவை ரியோ டி ஜெனிரோவுக்கு அருகே குவாப்பியாசு காட்டில் 2006 முதல் விட்டுப் பார்த்தார்கள். பல பிழைத்தன. சிலவற்றை ஊர் நாய்கள் கொன்றன, சிலவற்றை வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். ஆகவே ரியோ லார்கோவில் செய்ய வேண்டிய வேலையில் பாதி காட்டுக்கு வெளியேதான் இருக்கிறது. ஆலைத் தொழிலாளி வீட்டில், அவர் பிள்ளை படிக்கிற பள்ளியில், அந்த வீட்டு நாயின் கழுத்துக் கயிற்றில். விட்டது ஆறு பறவை, ஓர் ஈட்டுக்கு இரண்டு முட்டை. இந்தக் கணக்கில் ஒரு நாய் ஓர் ஆண்டு விளைச்சலை ஒரே காலையில் முடித்துவிடும்.