திருமணிமுத்தாற்றுப் பவளக்காலிகள்

நேயர்களுக்கு வணக்கம். திருமணிமுத்தாறு என்றாலே சேலத்துக்காரர்களின் கை மூக்குக்குப் போய்விடும். சேர்வராயன் மலையில் இறங்கி, நகருக்குள் கோட்டை மாரியம்மன் கோயிலை ஒட்டி ஓடி, உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலைத் தாண்டி, நாமக்கல் மாவட்டம் நஞ்சை இடையாற்றுப் பக்கம் காவிரியில் கலக்கிற ஆறு. முத்து விளைந்த ஆறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். இப்போது வருவது வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைத் தண்ணீரும். பெருமழை பெய்தால் நுரை பொங்கும்.

“செத்த ஆறு சார்” என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலத்தில் நின்று கீழே பாருங்கள். கறுப்புச் சிறகு, வெள்ளை வயிறு, ஊசி போன்ற அலகு, செக்கச்செவேலென்று நீண்ட கால்கள். அதுதான் பவளக்காலி. நெடுங்கால் உள்ளான் என்றும் சொல்வதுண்டு. ஒருநாள் நான் இப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கீரைக்கூடையோடு வந்த அம்மா ஒருவர், “என்னங்க, காசு எதும் விழுந்துருச்சுங்களா?” என்றார். பறவையைக் காட்டினேன். “இந்தச் சாக்கடையில அதுக்கு என்னங்க கிடைக்கும்?”

நியாயமான கேள்வி. கிடைப்பது ரத்தப்புழு. பார்க்கக் கொசு மாதிரி இருந்தாலும் கடிக்காத ஒரு பூச்சி, சாயங்காலம் தெருவிளக்கைச் சுற்றி மொய்க்குமே, அதன் புழு. சாக்கடைச் சேற்றில் ஆக்சிஜன் அரிது. பெரும்பாலான மீன்கள் தாங்காது. இந்தப் புழுவின் உடம்பில் நம் ரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபின் இருக்கிறது, சிவப்பும் அதனால்தான். இருக்கிற கொஞ்சம் ஆக்சிஜனையும் பிடித்துக்கொண்டு பிழைத்துவிடும். தின்ன மீன் இல்லாததால் பெருகியும் விடும். பவளக்காலிக்குப் பந்தி தயார்!

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: பறவை கூடிவிட்டது, ஆறு சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எந்தப் பறவை என்று பாருங்கள். நீலமாகப் பளிச்சென்று பாயுமே, சிறு மீன்கொத்தி, அதற்கு மீனும் வேண்டும், மீன் கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரும் வேண்டும். அது வந்து உட்கார்ந்தால் சொல்லுங்கள், நான் நம்புகிறேன். இன்னொன்று, கரைக்குக் கான்கிரீட் சுவர் வைத்தால் ஆறு அழகாகிவிடும் என்பவர்களோடு எனக்கு ஓயாத வழக்கு உண்டு. கோரையும் புதரும் இல்லாத கரையில் கானாங்கோழி எங்கே முட்டையிடும்?

அடடா, நேரமாகிவிட்டதென்று ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கையைக் காட்டுகிறார்கள். மலை ஓடைகளைப் பற்றித்தான் நிறைய எழுதி எடுத்து வந்தேன். சரி, சுருக்கமாக: குளிர்காலத்தில் இமயமலைப் பக்கமிருந்து சாம்பல் வாலாட்டி ஏற்காட்டு ஓடைகளுக்கு வரும். அப்புறம் கன்னங்குறிச்சி மூக்கனேரி. 2010இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரத் தொடங்கி, அந்த மண்ணிலேயே திட்டுகள் எழுப்பி மரம் வைத்தார்கள். அந்தத் திட்டுகளில் இப்போது கொக்கும் நீர்க்காகமும் அடைகின்றன. பார்க்கப் போவதானால் வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். வணக்கம்.